தவறான தலைக்கு எடுத்த ஸ்கேன்

மூளை ஒரு பேனல் போர்டு என்று ஐம்பத்து மூன்று வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். தட்டாஞ்சாவடியில் ஒரு தகரக் கொட்டகைக்குள் இருபத்தெட்டு வருஷமாகப் பேனல் போர்டு பூட்டிக்கொண்டிருப்பவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? ஒரு இரும்புப் பெட்டி. உள்ளே வரிசையாக சுவிட்சுகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு ஸ்டிக்கர்: மோட்டார், ஹால், மாடி, ஏசி. ஒன்று விழுந்தால் அது மட்டும் அணையும், மற்றதெல்லாம் எரியும். விழுந்ததைத் தூக்கிவிட்டால் வேலை முடிந்தது. மண்டையைத் திறந்தாலும் இப்படித்தான் இருக்கும், ஸ்டிக்கர் மட்டும் வேறே, பேச்சு, கை, கால், கண், கோபம் என்று ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன். ஒரு ஆள் ஒரே ஒரு வார்த்தை தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும், பேச்சு சுவிட்ச் மேலே இருக்கிறது. அதற்குமேல் நோண்டிப் பார்க்க ஒன்றும் இல்லை.

இந்த முட்டாள்தனத்தால் எனக்கு ஒரு நஷ்டமும் வரவில்லை. நஷ்டம் என் அண்ணனுக்கு. அவருடைய பேச்சு போனது. அது போய்க்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் என் உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்று ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "தப்பில்லாம ஒரு வாக்கியம் பேசுற பொண்ணு வந்தா பண்ணிக்கலாம்னு இருந்தேன், வரல" என்பார். அவரிடம் படித்தவர்கள் இப்போதும் தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "போன்ழூர் முசியே" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்வார்கள். அவரும் நின்று, அவர்கள் சொன்ன போன்ழூரில் என்ன குறை என்று திருத்திவிட்டுத்தான் நகர்வார். நெல்லித்தோப்பு வீட்டில் மாடி அவருக்கு. கீழே நானும் என் மனைவியும். சாப்பாடு எல்லாருக்கும் கீழேதான்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு காலைப் பூசையில் பைபிளிலிருந்து இரண்டாம் வாசகம் வாசிப்பது அவர்தான். அதற்காகவே வாழ்ந்தார் என்று சொன்னாலும் தப்பில்லை. முதல் நாள் ராத்திரியே வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் மாட்டிவிடுவார். மைக்கைத் தட்டிப் பார்க்க மாட்டார், தொண்டையைச் செரும மாட்டார். போய் நிற்பார், வாசிப்பார். கோயிலில் அழுகிற குழந்தைகூடத் தன் குரலுக்கு அடங்கும் என்பது அவருடைய கணிப்பு. அது தவறு என்று சொல்ல எந்தக் குழந்தையும் வரவில்லை.

அப்புறம் மேல்வரிசைக்குப் பல்செட் கட்டினார். அன்றிலிருந்து 'ச' வரும் இடத்திலெல்லாம் ஒரு விசில். வாசகமோ பெரும்பாலும் "சகோதர சகோதரிகளே" என்றுதான் தொடங்கும். எடுத்த எடுப்பிலேயே குக்கர் இரண்டு விசில் அடித்துவிடும். பரிசு விழுந்தது எனக்கு. வீட்டில் செய்து காட்டினேன், பட்டறையில் செய்து காட்டினேன், டீக்கடையில் கேட்டவர்களுக்கெல்லாம் செய்து காட்டினேன். கடைசியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண ரிசப்ஷனில் மைக்கே என் கைக்கு வந்துவிட்டது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மூன்றாவது விசிலின்போது கவனித்தேன், முன்வரிசையில் அண்ணன் ஐஸ்கிரீம் கப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிறுத்தியிருக்கலாம். நாலாவது விசிலும் அடித்தேன். கூட்டம் ஆசைப்பட்டது.

அன்றையிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

இதற்குத் தனிக்குடித்தனம் போக வேண்டியதில்லை. எங்கள் ஊரில் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே மேசையில், ஒரே குழம்பை ஊற்றிக்கொண்டே பேசாமல் இருக்க ஒரு முறை உண்டு. நடுவில் ஒரு ஆள் இருந்தால் போதும். எங்களுக்கு என் மனைவி, அண்ணனை அவள் 'மாமா' என்பாள்.

"அம்மா, உன் வீட்டுக்காரன்கிட்ட அந்த உப்ப இந்தப் பக்கம் நகத்தச் சொல்லு."

"உன் மாமாவுக்குக் கை இருக்குது இல்ல, எட்டி எடுத்துக்கச் சொல்லு."

"ரெண்டு பேருக்கும் காது இருக்குது, நான் எதுக்கு நடுவுல ஸ்பீக்கரு?" என்று அவள் உப்பை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்வாள்.

அவள் இல்லாத நாளில் டம்ளர்தான். எவர்சில்வர் டம்ளரை மேசையில் ஒரு தட்டு தட்டினால் காப்பி வேண்டும். இரண்டு தட்டினால் சாப்பாடு. மூன்று என்றால் ஃபேனைக் குறை. உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு இல்லை அது, பேச்சே இல்லையே. தானாக உண்டானது. இப்படி மூன்று மாதம் ஓடியது. அவர் முகத்தை நான் நேராகப் பார்ப்பதைக்கூட விட்டிருந்தேன். டம்ளரைப் பார்த்தால் போதுமே.

அந்த வாரம் வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு வீடியோ வந்தது. மூளையைக் கலர் கலராகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். நெற்றிக்குப் பின்னால் மஞ்சள்: யோசிப்பதும் வாயை அடக்குவதும் அங்கே. இடது பக்கம், நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, சிவப்பு: அது பேச்சு. உச்சியில் பட்டையாக ஒரு நீலம்: கை, கால். பின்மண்டையில் பச்சை: கண் பார்ப்பதைப் புரிந்துகொள்வது அங்கே, கண்ணிலேயே இல்லையாம். அதற்கும் கீழே தொங்குகிற ஒரு காலிஃபிளவர் துண்டு: தள்ளாடாமல் நடக்க வைப்பது அதுதான். இதில் ஒரு பக்கமாற்றமும் உண்டு. இடப்பக்க மூளை வலது கையை ஆட்டும், வலப்பக்கம் இடது கையை. வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறான் கடவுள் என்று பட்டறையில் சொல்லிச் சிரித்தோம். முகம் கோணினாலோ, ஒரு கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதம், நேரத்தைக் குறித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று முடித்திருந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் இதை மனைவி வழியாக அண்ணனுக்கு அனுப்பினேன். "உன் மாமாவுக்கு அந்த மஞ்சள் ரொம்பப் பெருசு, எல்லாத்தையும் உள்ளயே அடக்கி வச்சிருக்காரு. எனக்கு மஞ்சளே போடல, அதான் வாய் நிக்க மாட்டேங்குது."

"அது மட்டும்தான் போடலயா?" என்றாள் அவள். அண்ணன் தயிரைப் பிசைந்துகொண்டிருந்தார். உதட்டோரம் லேசாக ஆடியது. அது சிரிப்புதான் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். சாயங்காலம் அவள் மூலக்குளத்தில் தங்கை கட்டிய புதுவீட்டைச் சாமியார் வந்து மந்திரிக்கிற விசேஷத்துக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டாள். மறுநாள் சாயங்காலம் நானும் போவதாக ஏற்பாடு.

ஞாயிறு காலை கண் விழித்தால் என் இடது கையைக் காணோம்.

பார்த்தால் இருந்தது. தொட்டால் வேறு யாருடைய கையோ. வலது கையால் அதைத் தூக்கினேன். மீன் மார்க்கெட்டில் வஞ்சிரத்தை வாலைப் பிடித்துத் தூக்குவது மாதிரி இருந்தது. விட்டேன், மூஞ்சியிலேயே விழுந்தது. உடனே உள்ளே கலர் கலராக வீடியோ ஓடியது. இடது கை, அப்படியென்றால் வலப்பக்கம், உச்சியில், நீலம். போச்சு. விரலைக் கடித்துப் பார்த்தேன், வலிக்கவில்லை. அப்படியே படுத்துக்கொண்டு என் அடக்கப் பூசைக்கு யார் யார் வருவார்கள் என்று எண்ணினேன். வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் பற்றிய நகைச்சுவையைச் சரியாகச் சொல்லத் தெரியாதவர்கள் என்று வருத்தமாக இருந்தது. இப்படி ஒரு பயத்தில் இருக்கிறவனுக்கு மாதாவின் பெயர் வாயில் வர வேண்டும். எனக்கு வந்தது பட்டறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்கிற கேள்வி.

மாடியிலிருந்து அண்ணன் வாசகம் சொல்லிப் பார்க்கிற குரல் கேட்டது. ஏழரை பூசைக்கு அவர்தான். "சகோதர சகோதரிகளே." இரண்டு விசில். நிறுத்தினார். மறுபடி, "சகோதர சகோதரிகளே." மறுபடி இரண்டு. மூன்றாவது தடவை, "சகோ" என்பதோடு நின்றது. ஒரு நாற்காலி இழுபட்டது. அப்புறம் சத்தமில்லை.

என் விசிலுக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். சாகப்போகிற நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. சுவர்க்கடிகாரம் ஆறரை. நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து, வலது கையால் '6.30' என்று எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அதற்குள் இடது கையில் எறும்பு ஊர ஆரம்பித்தது. இரண்டு நிமிடத்தில் விரல்கள் மடங்கின. சாதாரண மனிதன் இதோடு எழுந்து பல் தேய்த்திருப்பான். நான் இது அணைகிற விளக்கின் கடைசிக் குதிப்பு என்று முடிவு பண்ணினேன்.

ஏழேகாலுக்கு அண்ணன் மாடிப்படியில் இறங்கி வந்தார். ஒரு காலடி, ஒரு இழுப்பு, ஒரு காலடி, ஒரு இழுப்பு. செருப்பு வார் அறுந்திருக்கும். வெள்ளைச் சட்டையில் இடது கை மட்டும் நுழைந்திருந்தது. வலப்பக்கம் சும்மா தோளில் தொங்கியது. புழுக்கத்துக்கு அப்படிப் போட்டிருக்கிறார். இப்படி நான் அவருக்காகப் பதில் தயார் பண்ணிக்கொண்டே இருந்தேன், ஒன்றைக்கூட அவரிடம் கேட்கவில்லை. மேசைக்குப் போய் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். டம்ளரைத் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, எட்டு, பத்து. எங்கள் ஏற்பாட்டில் பத்துக்கு அர்த்தமே கிடையாது.

பிறகு அந்த டம்ளரை என்னை நோக்கி நீட்டினார். இடது கையால்.

எங்கள் வீட்டில் பீச்சாங்கையால் யாருக்கும் எதுவும் கொடுப்பதில்லை. பிச்சைக்காரனுக்குக்கூட. அதைச் சின்ன வயதில் என் முட்டியில் ஸ்கேலால் அடித்துச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான். இப்போது கண்ணை என் மேல் நட்டுவைத்துக்கொண்டு, பீச்சாங்கையால் டம்ளரை நீட்டுகிறார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக நான் வாயைத் திறந்தேன்.

"ஏண்ணே, எனக்கு ஒரு கையே போயிட்டு இருக்குது, நீ பீச்சாங்கையால நீட்டுற? அவ்ளோ எளக்காரமா?"

வாய் மட்டும் அசைந்தது. நான் இறங்கி வந்து பேசியும் பேசாத மனுஷன். டம்ளர் அவர் கையிலிருந்து நழுவிக் கீழே உருண்டது. "நான் செத்தா நீ வாசிக்காத, வேற ஆள வச்சுக்குறோம்" என்று சொல்லிவிட்டு, டம்ளரைத் தாண்டி, வண்டிச் சாவியை எடுத்தேன். பக்கவாதம் வந்தவன் தானே பைக் ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதை இந்த ஊரில் முதலில் செய்தது நான்தான்.

எட்டு மணிக்கு அவசரப் பிரிவில் இருந்தேன். டியூட்டி டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். இரண்டு கையையும் நீட்டச் சொன்னார், நீட்டினேன். ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார், நான் ஒன்பது சொன்னேன்.

"எப்போ ஆரம்பிச்சுது?"

நாள்காட்டித் தாளை எடுத்து நீட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சூப்பர் சார். இப்படி டைம் குறிச்சிட்டு வந்தா எங்களுக்குப் பாதி வேலை முடிஞ்சுது. நாலரை மணி நேரத்துக்குள்ள வந்துட்டா ரத்தக்கட்டியக் கரைக்க ஊசி போடலாம். இங்க எல்லாரும் தூங்கி எந்திரிச்சா சரியாயிடும்னு விட்டுட்டு சாயங்காலம் வராங்க."

"அப்ப எனக்கு ஊசி?"

"உங்களுக்கு எதுக்கு சார் ஊசி? கைய தலைக்கு அடியில வச்சு தூங்கினீங்களா?"

"அது தினமும் தூங்குறதுதான்."

"அதான். நரம்பு அழுந்திப்போச்சு. வீட்டுக்குப் போங்க."

நான் போகவில்லை. ஸ்கேன் எடுக்காமல் நகர மாட்டேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். "எந்தக் கையால போடுவீங்க?" என்று கேட்டார் அவர். ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வரப் பதினொன்றரை ஆனது. படத்தை வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்து அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, "உள்ள ஏதாவது இருக்குதா டாக்டர்?" என்றேன்.

"மூளை இருக்குது சார். சும்மா இருக்குது."

சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். உயிர் பிழைத்தவனுக்கு முதலில் வருவது பசி. இரண்டு மட்டன் பிரியாணி கட்டிக்கொண்டு, கடைக்காரரிடம் படத்தைக் காட்டி என் மூளை சுத்தமாக இருப்பதை விளக்கிவிட்டு வீட்டுக்கு வரும்போது பன்னிரண்டரை.

அண்ணன் அதே நாற்காலியில் இருந்தார். சட்டை அதே மாதிரி பாதி. டம்ளர் விழுந்த இடத்திலேயே கிடந்தது. அவர் காலடியில் ஈரம். டம்ளர் தண்ணீர் என்று நினைத்து கால்மிதியை இழுத்துப் போட்டு மூடினேன். டம்ளரில் தண்ணீரே இல்லை என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

பூசைக்குப் போகவில்லை, என் விசிலுக்குத் தோற்றுவிட்டார் என்று ஒரு குஷி. பிழைத்துவிட்டேன் என்று இன்னொரு குஷி. இரண்டும் சேர்ந்தால் என்னைப் போன்ற ஒருவன் சும்மா இருப்பானா? ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்து அண்ணனுக்குப் பாடம் எடுத்தேன்.

"பாருண்ணே, உன் தம்பிக்கு மூளை இருக்குது. ரிப்போர்ட்டே குடுத்துட்டாங்க. இந்தப் பக்கம் பாரு, இது கை. இது கண்ணு. இதோ இங்க, இடது பக்கம், இதுதான் பேச்சு. என்னுது எப்படி பளபளன்னு இருக்குது பாரு, டெய்லி ஓடுற வண்டி. உன்னுத எடுத்தா இந்த எடத்துல ஒட்டடைதான் இருக்கும், மூணு மாசமா தெறக்கல இல்ல. வாசகம் வேற பாதியிலயே நின்னு போச்சு. என்னா ஆச்சு, குக்கர்ல கேஸ் தீர்ந்துபோச்சா?"

அண்ணன் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாய் இரண்டு மூன்று தடவை திறந்து மூடியது. பிறகு, கணீரென்று, விசில் இல்லாமல், பிரெஞ்சில் ஒரு வார்த்தை.

"மேர்த்!"

இதற்கு அர்த்தம் மலம். பள்ளிக்கூடத்தில் மாணவன் சொன்னால் வெளியே நிறுத்துவார். ஆனால் கைவிரல் கதவிடுக்கில் மாட்டினால் அவரே சொல்லுவார். நான் துள்ளிக் குதித்தேன். மூன்று மாதத்துக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை! பேச்சு சுவிட்ச் மேலேதான் இருக்கிறது. சண்டை முடிந்தது. உடனே மனைவிக்கு போன் போட்டேன்.

"பேசிட்டாரும்மா!"

"யாரு?"

"உன் மாமாதான். என்கிட்டயே. மூஞ்சிக்கு நேரா."

"என்னா சொன்னாரு?"

"பிரெஞ்சுல பீன்னு சொன்னாரு."

"நீ என்னா பண்ணின?"

என்ன பண்ணினேன் என்பதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். பூசைக்குப் போகவில்லை, சட்டை அரைகுறை, டம்ளரைப் பத்து தட்டு, பீச்சாங்கை. சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது.

"போன அவர்கிட்ட குடு."

காதில் வைத்தேன். "மாமா, சாப்ட்டீங்களா?" என்று அவள் கேட்பது எனக்கும் கேட்டது. அண்ணன் கழுத்து நரம்பு புடைக்க முயற்சி பண்ணினார். "மேர்த்" என்றார். "மாமா, உடம்புக்கு என்னா?" மறுபடியும் "மேர்த்". அவளிடம் எப்போதும் மரியாதையாகப் பேசினவர். அவளை 'அம்மா' என்று மட்டும் கூப்பிட்டவர். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து ஒரு பக்கக் கன்னத்தில் நேராக இறங்கியது, இன்னொரு பக்கம் தொங்கின சதையில் தேங்கி நின்றது.

"யோவ்," என்றாள் மனைவி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டது மூன்றாவது தடவை. "வாய் கோணிருக்குதா பாரு."

"அவருக்கு எப்பவுமே கோண வாய்தான."

"மூஞ்சியப் பாருய்யா! சிரிக்கச் சொல்லு அவர!"

மூன்று மாதமாகப் பார்க்காத முகத்தைப் பார்த்தேன். "அண்ணே, கொஞ்சம் சிரி" என்றேன். என்னைப் பார்த்து அவர் எதற்குச் சிரிக்க வேண்டும்? ஆனால் சிரித்தார். சொன்னதைச் செய்கிற மாணவன் மாதிரி சிரித்துக் காட்டினார். இடது பாதி மட்டும் சிரித்தது. வலது பாதி, யாரோ முடிச்சை அவிழ்த்துவிட்ட திரை மாதிரி, அப்படியே தொங்கியது. அவர் வலது கையைத் தூக்கினேன். காலையில் என் கை எப்படி இருந்ததோ அப்படி. வஞ்சிரம்.

ஆட்டோவில் ஏற்றும்போது மணி ஒன்று இருபது. பக்கத்து வீட்டுக்காரர் கால் பக்கம் பிடித்தார். வழி முழுக்க அண்ணனின் தலை என் தோளில் கிடந்தது. நான், எனக்குத் தெரிந்த ஒரே வேலையாக, பேசிக்கொண்டே வந்தேன். என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை. ஆட்டோக்காரர் ஒரு இடத்தில் திரும்பி, "கொஞ்சம் சும்மா வாங்கண்ணா" என்றது மட்டும் ஞாபகம்.

"மறுபடியும் நீங்களா?" என்று சிரித்துக்கொண்டே எழுந்த அந்த டாக்டர், ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். விறுவிறுவென்று கை, கால், கண் பார்த்தார். பிறகு என்னிடம்:

"கடைசியா எப்போ நல்லா இருந்தாரு?"

"எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல டாக்டர்."

"அதக் கேக்கல சார். கடைசியா எப்போ சரியாப் பேசிக் கேட்டீங்க?"

சட்டைப்பைக்குள் கையை விட்டேன். நாள்காட்டித் தாள் இருந்தது. அதையே எடுத்து நீட்டினேன். ஒரே தாளை ஒரே நாளில் இரண்டாவது தடவையாக அவர் வாங்கிப் பார்த்தார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று நாற்பது. இந்தத் தடவை சூப்பர் என்று சொல்லவில்லை.

"ஊசி போடுற நேரம் தாண்டிருச்சு," என்றார். கம்பி விட்டுக் கட்டியை வெளியே எடுக்க முடியுமா என்றும் பார்த்தார்கள். அடைபட்டது கம்பி போகாத சின்ன ரத்தக்குழாய். அதோடு அந்த வழியும் முடிந்தது.

சாயங்காலம் அண்ணனின் படத்தை எனக்குக் காட்டினார். அவருக்கு எடுத்த ஸ்கேன். இடது பக்கம், நெற்றிப்பொட்டுக்கு உள்ளே, நான் ஒட்டடை இருக்கும் என்று சொன்ன அதே இடத்தில், சாம்பலாக ஒரு கறை. "ஆனா திட்டினாரே டாக்டர், தெளிவா திட்டினாரே" என்று ஒரு குழந்தை மாதிரி கெஞ்சினேன். அவர் படத்தின் உறையைத் திருப்பிப் பேனாவால் வரைந்து காட்டினார். யோசித்து, வார்த்தையைத் தேடி, வாக்கியமாகக் கோர்த்துப் பேசுவது ஒரு வேலை. அதற்கு அந்த இடது பக்கம் வேண்டும். கெட்ட வார்த்தை, ஒன்று இரண்டு மூன்று எண்ணுவது, மனப்பாடச் செபம், பாட்டு இதெல்லாம் தேடாமலேயே வாயில் வருகிறவை. அவற்றுக்கு வலப்பக்கமும், இன்னும் உள்ளே ஆழத்தில் இருக்கிற பகுதிகளும் கைகொடுக்கும். எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது, இன்னமும் முழுக்க யாருக்கும் தெரியாது, ஸ்டிக்கர் ஒட்டின சுவிட்ச் இல்லை சார் என்றார். நான் பேனல் போர்டு பற்றிச் சொன்னது அவருக்கு எப்போது தெரியும் என்று யோசித்தேன். காலையில் நான் சொன்ன ஒன்பது வாக்கியத்தில் நாலு அதைப் பற்றித்தானாம்.

கிளம்பும்போது ஒன்று சொன்னார். "அடிபட்டது பேசுற எடம். கேட்டுப் புரிஞ்சுக்குற எடம் நல்லா இருக்குது. அவர் முன்னாடி பார்த்துப் பேசுங்க. நீங்க சொல்றதெல்லாம் அவருக்குப் புரியும். காலையிலயும் புரிஞ்சிருக்கும்."

கால் ஓரளவு திரும்பியது. கை பாதி. பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண் பாட்டாகப் பாட வைத்துப் பார்க்கிறார். 'தண்ணி' என்பது ராகத்தோடு ஒரு வாரம் வந்தது, அப்புறம் போய்விட்டது. இப்போது காப்பிக்கும் 'மேர்த்'தான், குளிக்கவும் 'மேர்த்'தான், டிவியை அணைக்கவும் அதுதான். பழைய மாணவர்கள் வந்து கட்டில் பக்கம் நின்று, "போன்ழூர் முசியே" என்றால் அதற்கும் அதுதான். அவர்கள் உச்சரிப்பைத்தான் திட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போகிறார்கள்.

சாயங்காலம் என் மனைவி செபமாலை சொல்ல உட்கார்ந்தால் மட்டும் வேறு ஆள். முதல் பாதியை அவள் சொல்லுவாள். மறுபாதியை அண்ணன் சொல்லுவார், ஒரு எழுத்து பிசகாமல், மாலையின் ஐம்பத்து மூன்று மணிகளுக்கும். அதைக் கேட்ட ஒரு அத்தை மாதா அற்புதம் என்று அழுதாள். மாமா முறையாகிற ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நடிக்கிறாருடா, உன்ன வேலை வாங்கத்தான்" என்றார். இரண்டு வாரம் முன்னால் நானே சொல்லியிருக்கக்கூடிய வசனம். செபம் முடிந்து அவள் மணிமாலையை மடித்ததும் அண்ணன் ஏதோ சொல்ல என் பக்கம் திரும்புவார். வாய் திறக்கும். காத்திருப்பேன். வருவது அந்த ஒரு வார்த்தை.

அவர் என்னோடு பேச ஆரம்பித்துவிட்டாரா, இன்னும் சண்டையில்தான் இருக்கிறாரா என்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

நான் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று சிரித்துப் பார்க்கிறேன், இரண்டு கையையும் நீட்டிப் பார்க்கிறேன். எல்லாம் நன்றாக இருக்கிறது. என் ஸ்கேன் அலமாரியில் இருக்கிறது. வீடு சுத்தம் பண்ணும்போது மனைவி அதை எடுத்துத் தூசி தட்டி வைப்பாள்.

ஆறரைக்கு அண்ணனின் வாசகம் பாதியில் நின்றது. அதைக் கேட்டவன் நான். ஏழேகாலுக்கு அவர் இடது கையால் என்னிடம் டம்ளரை நீட்டினார். எட்டு மணிக்கு, ஊசிக்கு இன்னும் மூன்று மணி நேரம் மிச்சம் இருந்தபோது, நான் அதே ஆஸ்பத்திரியில், அதே டாக்டர் முன்னால், நேரம் எழுதின தாளோடு தனியாக உட்கார்ந்திருந்தேன்.